ஆட்டத்துல எதுக்குப்பா அரசியல்?

"ஆட்டத்துல எதுக்குப்பா அரசியல்? பனியனக் கழட்டிட்டு வாங்க."

1998 பொங்கல் சமயம். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம் ஒரு ஊர். ஊர் என்றால் ஊர்தான், காலனி இல்லை. அங்கே நடந்த கால்பந்துப் போட்டிக்குப் போன எங்களைப் பார்த்து, போட்டி நடத்திய இளைஞர்களில் ஒருவர் சொன்ன வார்த்தை இது. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னை இத்தனை வருஷமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு எனக்கும் கோபம் வந்திருக்கும்.

நாங்கள் காலனிப் பையன்கள் பதினோரு பேர். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பந்தை வாங்கி வந்து, தையல் விட்ட இடத்தையெல்லாம் தைத்து, ராகி அறுத்த கொல்லையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். அந்தப் போட்டிக்காக ஆளாளுக்குக் கரும்பு வெட்டப் போன கூலியில் காசு போட்டு, சந்தையில் நீலப் பனியன் வாங்கினோம். ஸ்க்ரீன் பிரிண்டிங் தெரிந்த அண்ணன் ஒருத்தர் ராத்திரியெல்லாம் கண் முழித்து அதில் அம்பேத்கர் படம் அடித்துக் கொடுத்தார். சில பனியன்களில் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் கலங்கி விழுந்திருந்தது. கலங்காத பனியன் எனக்குத்தான் வேணும் என்று எங்களுக்குள் சண்டை வேறு.

அந்த மைதானத்தில் போட்டிருந்த பந்தலில் கட்சிக் கொடி கட்டியிருந்தது. பரிசு கொடுக்க வந்தவர் கட்சிக்காரர். எதிர் அணிப் பனியனின் முதுகில் 'உபயம்' என்று போட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயர், சாதிப் பட்டத்தோடு, பெரிய எழுத்தில் இருந்தது. அது அரசியல் இல்லையாம். அது உபயம். எங்கள் நெஞ்சில் இருந்த படம் மட்டும்தான் அரசியல்.

நான்தான் கேப்டன். பத்தொன்பது வயசு. "கழட்டுனா மாத்திக்க வேற பனியன் இல்லீங்க" என்றேன். "அப்ப திருப்பிப் போட்டுக்கங்க, படம் உள்ள போயிடும்" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் அணியில் கோல் கம்பத்தில் நிற்கிறவர் எல்லோரையும் விட மூத்தவர். கோலி அண்ணன் என்று கூப்பிடுவோம். "படம் உள்ள வரக் கூடாதுன்னா நானும் வரல" என்று சொல்லிவிட்டு அவர் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பனியனைத் தலைவழியாக உருவி, திருப்பி மாட்டிக்கொண்டேன். அவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று. ஷீல்டு இன்றைக்கும் காலனி இரவுப் பள்ளியில் இருக்கிறது. கோலி அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் அவர் பெங்களூருக்குப் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டார். திருவிழாவுக்கு வருவார், பேசுவார், சிரிப்பார். அந்த நாளைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருஷம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"அம்பேத்கர் உங்க நெஞ்ச ஒட்டித்தானடா இருந்தாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். நான் நம்பவில்லை. அன்றைக்கு என் நெஞ்சில் ஒட்டியிருந்தது வியர்வைதான்.

*

ஆடுகளத்தில் ஆடுகிறவன் அரசியல் சைகை காட்டலாமா என்கிற கேள்வியை ஏதோ வெளிநாட்டுக் கேள்வி போலத்தான் இங்கே பேசுகிறார்கள். எனக்கு அது எங்கள் தாத்தாவின் துண்டில் ஆரம்பிக்கிற கேள்வி.

தாத்தா காலனியில் நடக்கும்போது துண்டு தோளில் இருக்கும். ஊர்த்தெரு முனை வந்ததும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். செருப்பு கைக்கு வந்துவிடும். உடம்பு கொஞ்சம் குறுகிவிடும். இது சைகை இல்லையா? இதைவிட அரசியலான சைகை உலகத்தில் எங்காவது உண்டா? ஒரு மனுசன் தன் உடம்பாலேயே, "நான் உனக்குக் கீழே" என்று தினமும் சொல்லிக்கொண்டு போகிறான். அதைப் பார்த்து யாரும் "தெருவுல எதுக்குப்பா அரசியல்?" என்று கேட்டதில்லை. அதற்குப் பேர் வழக்கம், மரியாதை. அந்தத் துண்டு தோளிலேயே இருந்துவிட்ட அன்றைக்குத்தான் அவர்களுக்கு அது அரசியலாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயசில் தாத்தாவோடு ஒருநாள் மத்தியானம் ஊர்த்தெரு வழியாக நடந்துபோனேன். நல்ல வெயில். திண்ணைகளில் ஒரு ஆள் இல்லை. கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. அப்போதும் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். "யாருமே இல்லையே தாத்தா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுப்பது ஒன்று. யாரும் கேட்காதபோதும் கொடுத்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. அடிமைத்தனம் கெட்டிப்படுவது இந்த இரண்டாவதில்தான் என்று பின்னாளில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். எனக்கு நானே எடுத்துக்கொண்டேனா என்பது வேறு விஷயம்.

*

கால்பந்தின் விதிப் புத்தகத்தில் நான்காம் விதி ஆட்டக்காரர் உடுப்பைப் பற்றியது. அரசியல், மத, சொந்த வாசகமோ படமோ இருக்கக் கூடாது என்கிறது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது அரசியல் என்று யார் தீர்மானிப்பது? 2016 நவம்பரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து அணிகள் போரில் செத்த தங்கள் சிப்பாய்கள் நினைவாகக் கசகசாப் பூ போட்ட கைப்பட்டை கட்டி ஆடின. ஃபிஃபா அபராதம் போட்டது. உடனே அங்கே பெரிய கொந்தளிப்பு. இது அரசியல் இல்லை, நினைவஞ்சலி என்றார்கள். அவர்கள் மனசார அப்படித்தான் நம்பினார்கள். அடுத்த வருஷமே அந்தப் பூவுக்கு வழி விடுகிற மாதிரி ஃபிஃபாவும் இறங்கி வந்தது. தன் அடையாளம் யாருக்கும் அரசியலாகத் தெரிவதில்லை. அது காற்று மாதிரி, தண்ணி மாதிரி சும்மா இருக்கிறது. எங்கள் ஊர் உபயம் மாதிரி.

1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதும் மூன்றாவதுமாக வந்த கறுப்பர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். எல்லோரும் அந்தக் கைகளைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கண் போவது அவர்கள் கால்களுக்கு. ஷூ இல்லை. கறுப்பு சாக்ஸ் மட்டும்தான். தங்கள் மக்களின் வறுமையைக் காட்ட ஷூவைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார்கள். எங்கள் தாத்தாவும் செருப்பைக் கழற்றினார். செய்கை ஒன்றுதான். இவர் குனிவதற்காகக் கழற்றினார், அவர்கள் நிமிர்வதற்காகக் கழற்றினார்கள். கழற்றச் சொன்னது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர்கள் இருவரையும் அணியிலிருந்து நீக்கி, ஒலிம்பிக் கிராமத்தை விட்டே வெளியேற்றினார்கள். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் வெள்ளைக்காரர். அவர் கை உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் குத்தியிருந்த மனித உரிமை பேட்ஜைத் தானும் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டு நின்றார். 2006இல் அவர் செத்தபோது ஸ்மித்தும் கார்லோசும் போய்ப் பாடை தூக்கினார்கள். 1998இல் எதிர் அணிப் பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கெட்ட பையன்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் இரண்டு பேர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். "அவங்க அப்படியே ஆடட்டும்ணா" என்று ஒருத்தன் சொல்லியிருந்தால் போதும். ஒருத்தன் சொல்லவில்லை.

நம் ஆட்களுக்கும் இதில் பழைய வரலாறு இருக்கிறது. சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு அந்தக் காலத்தின் பெரிய சுழற்பந்து வீச்சாளர். புனாவில் இந்து அணிக்காக விக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொடலாம். இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே மண் குவளையில் தேநீர். அவர் அதைக் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் பந்து போட்டார். 1920இல் சாதியின் பேரால் தலைமை மறுக்கப்பட்டதும் அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். மூன்று வருஷம் கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் கேப்டன் ஆனார். அண்ணன் ஆடினார், தம்பிகள் விலகினார்கள். யார் செய்தது சரி? பாலு ஆடாமல் இருந்திருந்தால் தம்பிகள் விலகியதற்கு மதிப்பு வந்திருக்காது. தம்பிகள் விலகாமல் இருந்திருந்தால் மண் குவளை இன்னும் கொஞ்ச காலம் நீடித்திருக்கும். இப்படி யோசித்து யோசித்து நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதும் உண்டு.

*

சைகைக்கு விலை உண்டா என்று பார்க்க வேண்டும். விலை கொடுக்காத சைகை சுலபமாகக் கிடைக்கும்.

2021 அக்டோபர் 24. துபாயில் இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட். ஆட்டம் தொடங்கும் முன் இந்திய வீரர்கள் ஒரு முழங்காலை மண்டியிட்டார்கள், அமெரிக்கக் கறுப்பர்களின் உயிருக்காக. அணி நிர்வாகம் சொன்னது, செய்தார்கள். கறுப்பர்களுக்காக மண்டியிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் ஆகஸ்டில் நடந்தது என்ன? டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. தலித் பெண். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றதும், ஹரித்வார் பக்கம் ரோஷனாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள், தலித்துகள் அதிகமாக இருப்பதால்தான் தோற்றது என்றார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அவருக்காக எந்த மைதானத்தில் எந்த முழங்கால் மண்ணைத் தொட்டது? துபாயில் தோற்ற அன்றிரவே முகமது ஷமியை முஸ்லிம் என்பதற்காக ஏசினார்கள். தூரத்து அநியாயத்துக்கு மண்டியிட்டால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் நடக்கிற அநியாயத்துக்கு மண்டியிட்டால் பட்டாசு உன் வீட்டு வாசலிலும் வெடிக்கும்.

*

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். "நீங்க அம்பேத்கர் பனியன் போட்டா, அவங்க சாதிக் கயிறு கட்டிட்டு வருவாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவது இந்த மாநிலம் அறிந்த சேதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு "நான் உனக்கு மேலே" என்கிறது. பனியன் "நான் உனக்குக் கீழே இல்லை" என்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற நடுநிலை, தராசு எந்தப் பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அப்புறம், நாங்கள் சைகை எதுவும் காட்டாமல் இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2012 நவம்பர் 7 அன்று எங்கள் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். ஒரு தலித் பையனும் வன்னியர் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதுதான் காரணம். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். பீரோவும் டி.வி.யும் பைக்கும் எரிந்த இரும்பாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சமயத்தில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். பாருங்கள், படமே இல்லாத பனியனும் குற்றம்தான். கடையில் காசு கொடுத்து வாங்கிய கால்சட்டையே நாங்கள் போட்டால் அரசியல் சைகை ஆகிவிடுகிறது. அரசியல் இல்லாத உடம்பு எங்களுக்கு அருளப்படவில்லை.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் பனியனைப் பற்றி நான் மறைத்துவைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பதினோரு பேரில் அருந்ததியர் தெருப் பையன் ஒருத்தன் கூட இல்லை. அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர் எங்களோடு வந்தார்கள். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். தண்ணிக் குடம் தூக்கி வந்தார்கள். பனியன் பதினொன்றுதான் வாங்கினோம் என்று காரணம் சொல்லலாம். அது ஏன் பதினொன்றாக மட்டும் இருந்தது? அவர்களில் ஒருத்தன் எங்களில் பாதிப் பேரை விட நன்றாக ஓடுவான். எங்கள் நெஞ்சிலிருந்த அம்பேத்கரை அவன் பக்கவாட்டில் நின்று பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் அந்தப் படம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க வைத்தது ஒரு மணிப்பூர்ப் பையன்.

2023 ஜூலை 4. இளவரசன் செத்துப் பத்து வருஷம் ஆன நாள். 2013இல் அதே தேதியில்தான் தருமபுரியில் ரயில் தண்டவாளத்தோரம் அவர் பிணமாகக் கிடந்தார். அன்று காலையில் நத்தத்துப் பக்கம் போய்விட்டு வந்து, ஒன்றும் ஓடாமல் படுத்துக் கிடந்தேன். ராத்திரி கோலி அண்ணனிடமிருந்து போன். மகனைக் கூட்டிக்கொண்டு கண்டீரவா மைதானத்துக்குப் போயிருந்தார். தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவும் குவைத்தும் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் ஐந்துக்கு நான்கு என்று இந்தியா ஜெயித்தது.

"டேய், அந்த ஜீக்சன் பையன் கொடியப் போத்திக்கிட்டு மெடல் வாங்குனான்டா. பாத்தியா?"

ஜீக்சன் சிங். 2017இல் டெல்லியில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி, உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர். மணிப்பூரில் மே 3ஆம் தேதி தொடங்கிய கலவரம் இரண்டு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் மெய்தெய்களின் ஏழு நிறக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு பதக்கம் வாங்கினார். யார் மனசையும் புண்படுத்த இல்லை, என் மாநிலத்தில் நடப்பதை நாடு பார்க்கட்டும் என்றுதான் செய்தேன் என்று பிறகு விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கொடி மெய்தெய்களின் ஏழு குலங்களுக்கான கொடி. வீடு எரிந்த குக்கிகள் அதைப் பார்த்தால் அதில் அவர்கள் இல்லை. அவர்கள் தரப்பிலிருந்து கண்டனம் வந்தது.

போனில் அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். "அது ஒரு தரப்புக் கொடிண்ணா. மலையில இருக்கிற குக்கிக்காரன் அதைப் பாத்தா என்ன நினைப்பான்?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாண்டா. நம்மகூட வந்தானுங்களே அந்த மூணு பசங்க, அவனுங்களுக்கு ஏன்டா நாம பனியன் வாங்கல?" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாளைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் பனியனத் திருப்பிப் போட்டது தப்பாண்ணா?"

"சேச்சே. ஆடணும்னா அத விட்டா என்னடா வழி இருந்துச்சு? நீ கேப்டன். பசங்க அவ்ளோ தூரம் நடந்து வந்திருந்தானுங்க. நான் வெளிய உக்காந்தேன்னா அது என் இஷ்டம். அதுக்காக நான் உன்மேல என்னிக்கும் கோவப்பட்டது கிடையாது."

"அப்ப ஏண்ணா அந்த ஷீல்டத் தொடவே மாட்டேங்கற?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சு இல்ல? ஜெயிச்சாச்சு. ஷீல்டு வாங்க மேடைக்குப் போனீங்களே, அப்ப உங்கள யாருடா திருப்பிப் போடச் சொன்னாங்க? அப்பவாச்சும் படத்த வெளிய போட்டுக்கிட்டுப் போவீங்கன்னு மரத்தடியிலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

யாரும் சொல்லவில்லை. சொன்னவர் கூட அந்த நேரத்தில் அங்கே இல்லை. விசில் ஊதியாகிவிட்டது, விதி முடிந்துவிட்டது. உள்பக்கத்துத் தையல் வெளியே தெரியும் பனியனோடு நான் மேடை ஏறி, ரெண்டு கையாலும் ஷீல்டை வாங்கி, குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மத்தியான வெயில். அந்தப் பக்கம் திண்ணைகளில் ஒரு ஆள் இல்லை.